அம்பு மேற்கே, தண்ணீர் கிழக்கே

போன மாதம் ஒரு நாள் காலையில் குமரேசன் போன் செய்தார். நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிறவர். நகராட்சிப் பொறியியல் பிரிவில் பணி ஆய்வாளர், எங்கள் வாய்ப் பழக்கத்தில் ஒர்க் இன்ஸ்பெக்டர். நான் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது.

"ஐயா, நம்ம டென்னிஸ் மைதானத்து மண் கோர்ட்டை எடுத்துட்டு சிந்தெடிக் போடறோமுங்க. பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். உள்ளார உங்க கையெழுத்துல ஒரு கடுதாசி இருக்குதுங்க" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "புது ஃபைல் தொடங்கறோமுங்க. அந்த ஒரு தாளை மட்டும் சேர்க்காம உட்டறட்டுங்களா? திறப்பு விழாவுல உங்களுக்குப் பொன்னாடை போடறதாப் பேச்சு. அந்த நேரத்துல ஆராச்சும் எடுத்துப் படிச்சா நல்லா இருக்காதுங்க."

நல்ல மனசில்தான் கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்தேன். விழா மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரவும் கேட்டிருந்தார். இரண்டுக்கும் சேர்த்து இதுதான் பதில்.

எனக்குப் படிப்பு பத்தாவது வரை. சொந்த ஊர் மல்லசமுத்திரம் பக்கம், வானம் பார்த்த பூமி. மழை இல்லாத ஒரு வருடம் நகராட்சி ரோடு ரோலருக்குத் தண்ணீர் ஊற்றும் ஆளாகச் சேர்ந்தேன். அப்புறம் மஸ்தூர் என்கிற கூலியாள், அப்புறம் ரோலர் டிரைவர், நாற்பது வயதுக்கு மேல் பணி ஆய்வாளர். சாக்கடை, தார் ரோடு, தண்ணீர்த் தொட்டி, சுடுகாட்டுக் கொட்டகை என்று எல்லாம் பார்த்திருக்கிறேன். ரசமட்டம் வைப்பதும், டியூபில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்ப்பதும் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். எந்த வேலை ஆரம்பித்தாலும் முந்தின நாள் அந்த இடத்தில் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். சுடுகாட்டுக் கொட்டகைக்கும் ஏற்றினேன்.

டென்னிஸ் மைதானம் வந்தது என் வேலையின் கடைசிப் பகுதியில். உரக்கிடங்கு என்று சொல்லப்பட்ட பழைய குப்பை மேடு, ஊரின் கிழக்கு ஓரத்தில் சும்மா கிடந்தது. அதைச் சுத்தம் செய்து பொதுமக்களுக்கு விளையாட்டு இடம் அமைக்கலாம் என்று தீர்மானம் ஆனது. கபடிக்கும் வாலிபாலுக்கும் ஏற்கெனவே இடம் இருந்ததால், டென்னிஸ் என்று எழுதிக் கொடுத்தவர் இளநிலைப் பொறியாளர் வசந்தி மேடம்.

ஊரில் சிரிக்காத ஆள் இல்லை. டீக்கடையில் என்னைப் பார்த்ததும் ஆரம்பிப்பார்கள்.

"ஏனுங்க இன்ஸ்பெக்டரே, குப்பை மேட்டுல வலை கட்டறீங்களாமா? கொசுப் புடிக்கறதுக்குங்களா?"

"டென்னிசு ஆடறவன் காருல வருவான். நம்மூருக்குக் காரு வர்றதுக்கு ரோட்டைப் போடுங்க மொதல்ல."

மேடத்திடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கேட்டுக்குப் பூட்டுப் போடாம இருந்தாப் போதும்ங்க. லுங்கி கட்டிக்கிட்டு வந்தாலும் ஆடட்டும். பொம்பளைங்களுக்குக் காலையில ஒரு மணி நேரம் தனியா ஒதுக்கணும். அதையும் பலகையில எழுதி வெச்சுருங்க" என்றார்.

மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் அப்பா நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். மேடத்தின் கைப்பையில் எப்போதும் ஒரு பேரிங் குண்டு இருக்கும், லாரிச் சக்கரத்திலிருந்து கழற்றியது, நெல்லிக்காய் அளவு. பத்தடி நீள அலுமினியச் சேனலைத் தரையில் கிடத்தி, அதன் பள்ளத்தில் குண்டை வைப்பார். குண்டு எந்தப் பக்கம் உருளுகிறதோ அதுதான் சரிவு. டியூப் மட்டத்தில் நான் அரை மணி நேரம் பார்ப்பதை அவர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார்.

அவர் யாரிடமும் சத்தம் போட்டதில்லை. மண் சுமக்கும் பெண்களிடம்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். ஆனால் அந்த 'ங்க' எப்போது உதிர்கிறதோ அப்போது கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம். மேஸ்திரி செல்லமுத்து சொல்லுவார்: "மேடம் வாயில ங்க இருக்கற வரைக்கும் நம்ம வேலை இருக்குதுங்க."

குப்பை மேட்டைச் சுத்தம் செய்யவே ஒரு மாதம் ஆனது. கண்ணாடித் துண்டு, ஊசி, மாட்டு எலும்பு என்று தோண்டத் தோண்ட வந்தது. அதற்குப் பிறகுதான் கோர்ட். வலை கட்டிய இடம் மட்டும் கோர்ட் என்று நினைத்திருந்தேன். ஆடுகிறவர் ஓடி வர நாலு பக்கமும் இடம் விட்டு, வடக்கு தெற்கில் நூற்றிருபது அடி, கிழக்கு மேற்கில் அறுபதடி வேண்டும் என்று மேடம் வரைபடத்தை விரித்துக் காட்டினார். காலை வெயிலும் மாலை வெயிலும் கண்ணில் அடிக்காமல் இருக்கத்தான் வடக்கு தெற்காகப் போடுவது.

அடியில் உடைகல், அதன் மேல் கிராவல், அதற்கும் மேல் சல்லடையில் சலித்த செம்மண். செம்மண் எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தது, சல்லடை வலையை செவ்வாய்ப்பேட்டையில் நானே போய் வாங்கி வந்தேன். ஒவ்வொரு அடுக்கும் தண்ணீர் தெளித்து, ஒரு நாள் ஆறவிட்டு, ரோலர் ஓட்ட வேண்டும். ஈரம் அதிகமானால் மண் ரோலரில் ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வரும், குறைந்தால் மாவு மாதிரி உதிரும். கையில் ஒரு பிடி எடுத்து அமுக்கினால் உருண்டையாக நின்று, தட்டினால் இரண்டாகப் பிளக்க வேண்டும். அதுதான் பதம். கடைசியில் சாணம் கரைத்துத் தெளித்து ஒரு மெழுகு. இதெல்லாம் எனக்குப் பிடித்த வேலை.

சரிவுதான் இதில் முக்கியம். மழைத் தண்ணீர் கோர்ட்டில் நிற்காமல் ஒரே பக்கமாக வடிய வேண்டும். அறுபதடி அகலத்துக்கு நாலு அங்குலம் இறக்கம், கண்ணுக்கே தெரியாது. வரைபடத்தில் ஒரு அம்புக்குறி மேற்கே பார்த்து இருந்தது. மேற்கே ஓடை இருக்கிறது. நிலத்தின் இயற்கையான வாட்டமும் அந்தப் பக்கம்தான்.

அந்தச் சமயத்தில் மேடத்தின் தாயாருக்குக் கண் ஆபரேஷன். இரண்டு வாரம் விடுப்பு. போகும்போது, "பூஜையை ஈசானியில போட்டுக்குங்க, உங்க திருப்திப்படி பண்ணுங்க. கிராவல் வேலை முடிச்சுருங்க, நான் வந்து பாக்கறேன்" என்றார்.

வடகிழக்கு மூலையைத்தான் ஈசானி என்கிறோம், இறைவன் இருக்கிற மூலை. வீடு கட்டுகிற யாருக்கும் இது தெரியும்: ஈசானி தாழ்ந்திருக்க வேண்டும், தென்மேற்கில் உள்ள கன்னிமூலை உயர்ந்திருக்க வேண்டும், தண்ணீர் ஈசானியைப் பார்த்துப் போக வேண்டும். என் வீடு, என் தம்பி வீடு, பள்ளிக்கூடத்து மதிய உணவுக் கூடம், நான் நின்று கட்டின எல்லாவற்றிலும் அப்படித்தான். ஈசானியில் தேங்காய் உடைத்துவிட்டு நிமிர்ந்து வரைபடத்தைப் பார்த்தால் அம்பு மேற்கே நிற்கிறது. ஊர் மக்கள் வந்து போகப் போகிற இடம். குழந்தை குட்டி விழுந்து எழுந்து ஓடப் போகிற இடம். இதில் போய்த் தண்ணீரை எதிர்த் திசையில் விடலாமா என்று மனசு கேட்கவில்லை.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "செல்லமுத்து, மேக்க ஒரு நாலு லோடு எச்சாக் கொட்டித் தூக்கிருங்க. குச்சியெல்லாம் ஈசானியப் பாத்து இறக்கி அடிங்க."

"வரைபடம் வேற மாதிரி இருக்குதுங்களே?"

"சாமி விசயம் மேஸ்திரி. நாலு அங்குலந்தானே, ஆருக்குத் தெரியப் போவுது?"

அவரும் சாமிக்குப் பயந்த மனிதர். "அதுவும் சரிதானுங்க" என்று குச்சி அடித்தார். மட்டக் குச்சிகளுக்கு நூல் கட்டி நானே டியூப் பிடித்துப் பார்த்தேன். கிழக்கே நாலு அங்குலம், வடக்கே ஒரு இரண்டு அங்குலம், சுத்தமான ஈசானி வாட்டம். கிராவலும் போட்டு, செம்மண்ணும் போட்டு, ரோலரும் ஓட்டியாகிவிட்டது. மேடம் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று ஒரு அடுக்கு கூடுதலாகவே முடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கோடை மழை பிடித்தது. ஒரு மணி நேரம்தான், ஆனால் வானத்தைக் கிழித்துக்கொண்டு. கோர்ட்டில் ஒரு சொட்டு நிற்கவில்லை. குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுப் பெருமையோடு வீடு வந்தேன். அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று பார்க்கவில்லை.

கிழக்கே சுற்றுச்சுவருக்கு அஸ்திவாரக் குழி தோண்டி அப்படியே கிடந்தது. கோர்ட்டுத் தண்ணீர் முழுக்க அந்தக் குழியில் இறங்கி, வாய்க்கால் மாதிரி வடக்கே ஓடி, மூலையில் இருந்த பழனியப்பன் வீட்டுக்குள் போயிருக்கிறது. பழனியப்பன் நெசவாளி. அவர் வீட்டில் இருப்பது குழித்தறி. தரையில் இடுப்பளவு குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிப்பது. அந்தக் குழி நிறையச் செந்தண்ணீர்.

திங்கட்கிழமை காலை நாங்கள் வேலைக்குப் போனபோது அவர் கோர்ட்டின் ஓரத்தில் நின்றிருந்தார். கையில் நனைந்த துணிச் சுருள். வெண்பட்டு வேட்டி, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கட்டுவது. நெய்து தறியில் சுருட்டியிருந்த இரண்டு வேட்டியும் செம்மண் காவி ஏறிக் கிடந்தன. ஓட்டிக்கொண்டிருந்த பாவு நூலை அவர் மனைவி சரோஜா எப்படியோ விட்டத்தில் தூக்கிக் கட்டிக் காப்பாற்றியிருக்கிறார்.

"பத்து நாள்ல முகூர்த்தமுங்க. நான் என்னன்னு போயி அவங்க மூஞ்சில முழிப்பேன்?" என்றார்.

அதே நேரத்தில் விடுப்பு முடிந்து மேடமும் வந்து இறங்கினார். பழனியப்பன் கையைப் பார்த்தார், கோர்ட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சேனலைக் கொண்டுவரச் சொன்னார். கிழக்கு மேற்காகக் கிடத்திக் குண்டை வைத்தார். மெதுவாகக் கிளம்பிக் கிழக்கே உருண்டது. சேனலை வடக்கு தெற்காகத் திருப்பினார். குண்டு வடக்கே உருண்டது. ஆறேழு பேர் நின்றோம், குண்டு சேனலில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"குச்சி அடிச்சது யாரு?" என்றார். 'ங்க' இல்லை.

செல்லமுத்து என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நாந்தானுங்க மேடம் அடிச்சேன்" என்றார் அவர்.

"நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

செல்லமுத்து மம்மட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். நான் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருட வேலையில் எத்தனையோ தப்புச் செய்திருக்கிறேன், அவற்றையெல்லாம் சொல்லிவிடலாம். அந்த இரண்டு நிமிடத்தைத்தான் இன்றைக்கும் சொல்லக் கூசுகிறது.

வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதிக்கொண்டு வரச் சொல்லி மேடம் என்னையே அனுப்பினார். போனேன். சரோஜா குழிக்குள் இறங்கி ஈயச் சட்டியால் தண்ணீரை மொண்டு கொடுக்க, பழனியப்பன் வாங்கி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். அறிக்கைத் தாளை ஓரமாக வைத்துவிட்டு நானும் ஒரு பக்கெட்டை எடுத்தேன்.

"நீங்க எதுக்குங்க சார் இதெல்லாம்" என்றார் பழனியப்பன். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரிச் சொன்னார்: "வேட்டி போனாப் போவுதுங்க. கன்னிமூலையில தண்ணி பூந்துருச்சே, அதாஞ் சார் மனசு பதறுது. ஊட்டுக்கு ஆகாதும்பாங்க."

"எது கன்னிமூலை?" என்றேன்.

"இந்தா, உங்க மைதானத்தைப் பாத்த மூலை. உங்களுக்கு ஈசானி, எங்களுக்குக் கன்னிமூலைங்களே."

பக்கெட் கையில் அப்படியே நின்றுவிட்டது. என் வடகிழக்கு அவருக்குத் தென்மேற்கு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற கணக்கு. சாமி இருக்கிற மூலை என்று நான் தண்ணீரை அனுப்பிய இடத்தில், தண்ணீரே வரக்கூடாது என்று ஒரு குடும்பம் பயந்து வைத்திருந்த மூலை இருந்தது.

அன்று சாயங்காலம் விளக்கு ஏற்றுகிற நேரத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். "ஏனுங்க, திரியெல்லாம் போட்டு வெச்சுட்டேன், ஏத்தாம உக்காந்திருக்கீங்க?" என்று என் மனைவி வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க சாமிக்குப் பயந்து பண்ணுனது சரி. இப்ப வாயை மூடிக்கிட்டு இருக்கறது ஆருக்குப் பயந்துங்க?" என்றாள். அவளே தீப்பெட்டியை எடுத்து விளக்கை ஏற்றிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் விடிந்ததும் டீக்கடைக்குப் போனேன். செல்லமுத்து பெஞ்சில் இருந்தார்.

"ஏன் மேஸ்திரி எம் பேரைச் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேனுங்க" என்றார். "நீங்க சொல்லல. செரி, குச்சிய அடிச்சது நாந்தானே." டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "எனக்கென்னுங்க, நாலு இடத்துல வேலை இருக்குது. உங்களுக்கு அந்த ஒரு ஆபீசுதான்" என்றார். அதில் குத்தலும் இருந்தது, பாசமும் இருந்தது.

அவரையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். மேடம் வந்ததும், எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன். "மேடம், குச்சி அடிக்கச் சொன்னது நான். மட்டம் பாத்ததும் நான். ஈசானிக்குத் தண்ணி போகணும்னு நானாத்தான் மாத்துனேன். மேஸ்திரி கேட்டாரு, நாந்தான் சாமி விசயம்னு வாயடைச்சேன்."

மேடம் வரைபடத்தைக் கையில் எடுத்தார். "அம்பு தப்புன்னு தோணுச்சுன்னா ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"சிரிப்பீங்கன்னு நெனச்சேன் மேடம்."

"சிரிச்சிருக்க மாட்டேன். தண்ணி போற பக்கம் யாரு ஊடு இருக்குதுன்னு பாத்தீங்களான்னு மட்டும் கேட்டிருப்பேன்." மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். "மம்மட்டிய எடுங்க மேஸ்திரி. நேத்துப் பேசுனதுக்கு மன்னிச்சுக்குங்க." பிறகு என்னிடம், "நீங்க எழுதிக் குடுங்க" என்றார். 'ங்க' திரும்பி வந்துவிட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எழுதினேன். "கோர்ட்டின் சரிவில் தவறு நேர்ந்துவிட்டது" என்று ஆரம்பித்திருந்தேன். மேடம் சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தார்.

"தவறு தானா நேராதுங்க. யாரு பண்ணுனதுன்னு எழுதுங்க."

மறுபடி எழுதினேன்: "வரைபடத்தில் மேற்கே இருந்த சரிவை, கேட்காமல் கிழக்கே மாற்றியவன் நான்." படித்துவிட்டு, "கீழ இன்னொரு வரி சேருங்க. வடகிழக்குல என்ன இருக்குதுன்னு" என்றார். "வடகிழக்கு மூலையை ஒட்டி நெசவாளர் வீட்டின் தறிக்குழி உள்ளது. அந்தப் பக்கம் எக்காலத்திலும் தண்ணீர் விடக்கூடாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குமரேசன் கண்டெடுத்த தாள் அதுதான்.

ஒரு வருட ஊதிய உயர்வு நின்றது. நியாயம்தான். போட்ட மண்ணைப் பெயர்த்தெடுத்துத் திரும்பப் போடப் பன்னிரண்டு நாள் ஆனது. மேடம் தினமும் குண்டை உருட்டிப் பார்த்தார். வடகிழக்கில் கல் கட்டி, அஸ்திவாரக் குழியை முதலில் மூடவைத்தார். கல்யாண வேட்டியை வேறொரு தறிக்காரர் நெய்து கொடுத்தார். அந்தக் கல்யாண வீட்டார் அதற்குப் பிறகு பழனியப்பனிடம் வரவே இல்லை. அதை என்னால் சரி செய்ய முடியவில்லை. கறை படிந்த வேட்டியில் ஒன்றை எனக்குக் கேட்டேன். "இதைக் கட்டிக்கிட்டு எங்கீங்க போவீங்க?" என்றார் சரோஜா. எங்கும் போவதற்கில்லை, பூஜைக்குத்தான். எத்தனை துவைத்தும் காவி போகவில்லை. இன்றைக்கும் விளக்கு ஏற்றும்போது கட்டுவது அந்த வேட்டிதான்.

மைதானம் திறந்த பிறகு சிரித்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். லாரி ஓட்டி ஓய்ந்த இரண்டு பேர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். காலை ஆறு மணிப் பெண்கள் நேரத்தில் சரோஜா பக்கத்து வீட்டுப் பெண்களோடு வந்து சுவர் ஓரத்தில் நின்று பார்ப்பார், பிறகு ஒரு நாள் மட்டையைக் கேட்டு வாங்கினார். கேட்டில் பூட்டு இல்லை.

குமரேசனுக்கு, சொன்னபடி மறுநாளே போன் செய்தேன். "அந்தத் தாள் புது ஃபைல்ல மொதல் பக்கத்துல இருக்கட்டும் சாமி. பொன்னாடை இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி" என்றேன். அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "ஏனுங்கய்யா?" என்றார். "புதுசாச் சரிவு போடப் போறீங்க. வரைபடத்துல அம்பு மட்டுந்தான் இருக்கும், பழனியப்பன் ஊடு இருக்காது. அது அந்தத் தாள்ல மட்டுந்தான் இருக்குது" என்றேன்.

போன வாரம் பூஜை போட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். ஈசானி மூலையில் சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது. பழனியப்பன் தலை மேலே தெரிந்தது, எதன் மேலோ ஏறி நின்றிருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"ஏனுங்க சார், நல்லா இருக்கீங்களா?" என்றார். எரிகிற சூடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு குமரேசன் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

"தம்பி, சாமிய மட்டும் இந்த மூலையில வெச்சுக்குங்க. தண்ணிய அக்கட்டால, மேக்க உட்டுருங்க."